காலியிடம் இல்லாத பத்திரம்

பஸ் கிளம்ப நான்கு நிமிடம் இருந்தது. மூடி போடாத பேனாவோடு ஓடுவது எனக்குப் பிடிக்காது. சட்டைப் பை வீணாகிவிடும். அன்றைக்கு ஓடினேன். மூன்றாவது நடைமேடையில் நின்ற பஸ்ஸில் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஜன்னலோர இருக்கையில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கம்பிகளுக்கு நடுவே முதலில் பரீட்சை அட்டையை நுழைத்தேன், பிறகு பத்திரத்தை, கடைசியாகப் பேனாவை.

"மச்சான், மூணு பக்கம். பக்கத்துக்கு ஒண்ணு. கடைசிப் பக்கத்துல மட்டும் ரெண்டு."

"ஏன் மாப்ள, உனக்கு நேரம் காலமே கிடையாதா? வண்டி எடுக்கப் போறான்."

"அதனாலதான் ஓடி வந்தேன்."

அவர் பேனாவை வாங்கவில்லை. பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ போட்டாளா?"

அவள் என்றால் அவருடைய கடைசித் தங்கை, எனக்குக் கொழுந்தியாள். இருவரும் பேசிப் பதினோரு வருடம். பேர் சொல்லிக் குறிப்பிட்டால் பேசியதாக ஆகிவிடும் என்று அவர் 'அவ' என்பார். அவள் 'அவன்' என்பாள்.

"இல்ல. உங்களுக்கு அப்புறம்தான்."

"யார் பேர் மேல இருக்கு?"

"மூத்தவர் நீங்க. உங்க பேர்தான் மேல."

அது போதுமானதாக இருந்தது. விரலில் ஒட்டிய பிஸ்கட் தூளோடு கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் சந்தேகப் பேர்வழிகள் என்பது அவருடைய கொள்கை. கடைசிக் கையெழுத்துக்கு அவர் வரும்போது டிரைவர் கியரை மாற்றிவிட்டார். நான் பஸ்ஸோடு நடந்தேன், பிறகு பஸ்ஸோடு ஓடினேன். நடைமேடை முடியும் இடத்தில் பத்திரம் என் கைக்கு வந்துவிட்டது. அட்டை அவரோடு போய்விட்டது. பரவாயில்லை.

நீங்கள் காலையில் என்னிடம் கேட்டது வேறு கேள்வி என்பது எனக்குத் தெரியும், ஐயா. அதற்கும் வருவேன். ஆனால் நான் முப்பத்தொரு வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். கடைசிப் பத்தியிலிருந்து ஆரம்பிக்க எனக்குக் கை வராது.

என் அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில், நகல் எடுக்கும் கடைக்கு மேல் மாடி. முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. பின்னறையில் பழைய கட்டுகள். இந்த முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய எந்தப் பத்திரமும் 'திருத்தி வரவும்' என்று திரும்பி வந்ததில்லை. அலுவலகத்தில் என் எழுத்தைப் பார்த்தாலே படிக்காமல் முத்திரை குத்துவார்கள். கீழே உட்காரும் நோட்டரி வக்கீல் நான் நீட்டினால் கண்ணாடிகூடப் போட மாட்டார். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் தவறாகப் பயன்படுத்தியதில்லை. இதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சிறு சொத்துக்காரர்கள். இறந்தவர் விட்டுப்போனது ஒரு வரம்புக்குள் இருந்தால் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து, இன்னார் இன்ன தேதியில் காலமானார், நாங்கள்தான் வாரிசுகள், எங்களுக்குள் தகராறு இல்லை, இப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்று சத்தியம் செய்து ஒரே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதினால் போதும். இறந்து நாற்பத்தைந்து நாள் கழித்துக் கொடுக்க வேண்டும். வங்கி வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோர்ட்தான்.

கோர்ட் என்றால் என் மனைவி வீட்டாருக்கு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் மாமனார் போனபோது ஒரு வீடும் ஒரு ஏணியும் மிச்சம். வீட்டைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏணி யாருக்கு என்பதில்தான் ஆரம்பித்தது. பத்தொன்பது வருடம் நடந்தது. தீர்ப்பு வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, ஏணியில் இரண்டு படி இல்லை, அண்ணன் தங்கைக்குப் பேச்சு இல்லை. அந்தப் பத்தொன்பது வருடமும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் டிபன் கட்டிக் கொடுத்து, இரண்டு பக்கத்துக்கும் சமாதானம் சொல்லி, என் மனைவிக்கு முடி கொட்டிப்போயிற்று. இன்னொரு தடவை அந்தக் குடும்பத்தைக் கோர்ட் வராந்தாவில் உட்காரவிட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நான் செய்தது எல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான். இதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது சின்ன மாமியாருக்கு வருகிறேன். என் மனைவிக்குச் சித்தி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அக்கா பிள்ளைகள் மூவர்தான் வாரிசு. ஒரு பெரிய அச்சகத்தில் நாற்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் சிவப்புப் பென்சில் காதில் செருகியபடிதான் இருக்கும். மருந்துச் சீட்டைத் திருத்துவார். பிஸ்கட் பாக்கெட்டைத் திருத்துவார். வீட்டுக்காரர் ஒட்டிய 'குப்பை போடாதீர்' அறிவிப்பைத் திருத்தி, கீழே சுருக்கொப்பம் வைத்திருந்தார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. சொத்து என்று பார்த்தால் வங்கியில் ஒரு வைப்பு, ஒரு அலமாரி நிறைய அகராதிகள், அச்சகம் கொடுத்த ஒரு கைக்கடிகாரம். எல்லாம் சேர்த்து வரம்புக்கு மயிரிழை கீழே. இவ்வளவு அழகாக அமைந்த சிறு சொத்தை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

அவருக்கு என்னைப் பிடிக்கும். "மாப்பிள்ளை, இந்த ஊர்ல கமா போடத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நீங்க ஒருத்தர்" என்பார்.

"இன்னொருத்தர் யாரு அத்தை?"

"தன்னடக்கத்தோட உக்காந்திருக்கேன்ல."

போன மாதத்துக்கு முந்தின மாதம் பத்தாம் தேதி அவருக்கு மூச்சு வாங்கியது. பன்னிரண்டாம் தேதி காலையில் டாக்டர் வந்து பார்த்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சொல்றவங்களுக்குச் சொல்லிடுங்க. பதினாலு தாண்டாது. நான் சொன்னா சொன்னதுதான்." சொல்ல வேண்டியவர்களுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. மச்சான் நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்து, சித்தியைப் பார்த்து, ஒரு பாட்டம் அழுது, தங்கை வருகிற நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் அவர் கிளம்பிவிட்டாரா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் செய்துகொண்டிருந்தாள். மூன்று வாரிசுகளும் ஒரே ஊரில் இருக்கும் நாள் இனி எப்போது வரும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். மேஜையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் பத்திரத்தை எழுதி முடித்தேன்.

கையெழுத்து வாங்கும் பத்திரத்தில் நான் காலியிடம் விடுவதில்லை. அது என் தொழில் தர்மம். காலியிடம் விட்டுக் கையெழுத்து வாங்குவது ஏமாற்றுக்காரன் வேலை. பின்னால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே நான்காம் பத்தியில் 'பதினான்காம் தேதியன்று காலமானார்' என்று எழுதினேன். பத்திரத்தின் தேதியை அதிலிருந்து நாற்பத்தைந்து நாள் கணக்கிட்டுப் போட்டேன். ஐந்தாம் பத்தியில், படிவத்தில் இருக்கிறபடி, 'மேற்படி மரணம் இயற்கையாக நேர்ந்தது' என்று எழுதினேன். அப்புறம்தான் பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

ஆமாம். மச்சான் கையெழுத்துப் போடும்போது சின்ன மாமியார் உயிரோடுதான் இருந்தார். என் மனைவி அவருக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தியாள் முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கிறாள், பெண்களுக்கு. நான் போனபோது ஒரு அம்மாளின் தலை அவள் கையில் இருந்தது. கத்தரிக்கோலை வைக்காமலே பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள். இவள் படிப்பாள்; கொஞ்சம் பயந்தேன்.

"ஏன் அத்தான், அவன் கையெழுத்து இவ்வளவு கோணலா இருக்கு? குடிச்சிருந்தானா?"

"பஸ் நகர்ந்துடுச்சும்மா."

"அதானே. ஒரு இடத்துல ஒழுங்கா நின்னதுண்டா அவன்." பக்கத்தைத் திருப்பினாள். "சித்தி செத்தது பதினாலுன்னு போட்டிருக்கு. இன்னிக்குப் பன்னெண்டுதானே?"

"டாக்டர் சொன்ன தேதி."

"ஓ" என்றாள். போட்டுவிட்டாள். நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் வணக்கம் சொன்னேன்.

என் மனைவியிடம் வாங்குவது கஷ்டமில்லை. தைலக் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கங்க போடணும்?" என்பாள். இருபத்தாறு வருடமாக நான் காட்டிய இடத்தில் போடுகிறவள். அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு மூன்று கையெழுத்தும் என் பையில். பத்தொன்பது வருடம் கோர்ட்டால் செய்ய முடியாததை நான் ஒரே நாளில் செய்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசி இப்போதும் நினைவிருக்கிறது.

மறுநாள், பதின்மூன்றாம் தேதி காலை, சின்ன மாமியார் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

டீயில் சர்க்கரை போதவில்லை என்றார். ஜன்னல் திரை கோணலாக இருக்கிறது என்றார். மத்தியானம் காதில் பென்சில் ஏறிவிட்டது. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் சொன்னார்: "அதிசயம்தான். இப்படியே போனா இன்னும் பத்து வருஷம்." என் மனைவி சந்தோஷத்தில் அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன். உண்மையிலேயே. நான் அந்த அம்மாளை வெறுத்தவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனாலும் பையில் பத்திரம் இருந்தது.

பதினான்காம் தேதி காலை, நிதானமாக, எல்லா வழியையும் பார்த்தேன். நியாயமான மனிதன் அப்படித்தான் செய்வான். தேதியை மட்டும் அடித்துத் திருத்தினால் திருத்தத்தின் பக்கத்தில் மூவரும் திரும்பக் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தையே கிழித்துவிட்டுப் பின்னால் புதிதாக எழுதலாம். அதற்கும் மூன்று கையெழுத்து. மச்சானுக்குப் போன் செய்தேன்.

"மாப்ள, சித்தி பொழைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு தடவை போட்டாச்சு. இன்னொரு தடவை போடணும்னா, அந்தக் கைக்கடிகாரம் எனக்குன்னு எழுது. சின்ன வயசுல அதுக்குச் சாவி குடுத்ததே நான்தான்."

முதல் பத்திரத்தில் கைக்கடிகாரம் என் மனைவிக்கு என்று இருந்தது. படிக்காமல் போட்டதால் அது அவருக்குத் தெரியாது. கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன்.

"இன்னொரு பத்திரமா? சரி. அவன் ஏதாவது கேட்டானா?"

"கடிகாரம் கேக்கறார்."

"அப்ப அது எனக்கு வேணும்."

போனை வைத்தேன். கடிகாரம் என்ற ஒரு வார்த்தை வந்துவிட்டது, ஐயா. ஏணிக்கு ஆனது பத்தொன்பது வருடம். கடிகாரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மனைவிக்கு வயது ஐம்பத்திரண்டு. மிச்சமிருக்கும் முடியையும் அந்த வராந்தாவில் அவள் விட்டுவிட்டு வருவதை நான் பார்க்க வேண்டும். அன்றைய பொழுது சாய்ந்தால் அந்தப் பத்திரம் பொய்ப் பத்திரம். சாயாத வரைக்கும் அதில் ஒரு பிழையும் இல்லை.

பிற்பகலில் மருந்துக் கடைக்குப் போய்வரச் சொல்லி மனைவியை அனுப்பினேன். மருந்து உண்மையிலேயே தீர்ந்திருந்தது. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பை என் மடியில் இருந்தது. பத்திரம் உள்ளபோது நான் பையைக் கீழே வைப்பதில்லை.

"என்ன மாப்பிள்ளை, முகம் வாடியிருக்கு? ஏதாவது எழுத்து வேலையா?" என்றார்.

"ஒண்ணுமில்ல அத்தை. ஒரு பத்திரம்."

"குடுங்க, பாக்கலாம். நல்ல எழுத்துப் பாத்து நாளாச்சு."

நான் மறுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். பெரியவர்கள் கேட்டால் மறுத்துப் பழக்கமில்லை. கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். தன் பெயரைப் பார்த்தபோது புருவம் உயர்ந்தது, அவ்வளவுதான். சிரித்தார்.

"எனக்கேவா? அடேயப்பா. பிரிச்ச விதம் நல்லா இருக்கு. கடிகாரம் அவளுக்குத்தான் போகணும், சரியா எழுதியிருக்கீங்க. அகராதிய மட்டும் பெரியவன்கிட்ட குடுக்காதீங்க, எடைக்குப் போட்டுடுவான்." பக்கத்தைத் திருப்பினார். "ஒரு தப்புகூட இல்லையே மாப்பிள்ளை. நாப்பது வருஷத்துல இப்படி ஒரு சுத்தமான படியை நான்... ஓ. இருக்கு. ஒண்ணே ஒண்ணு."

"என்ன அத்தை?"

"தேதி. பதினாலு இன்னிக்கில்ல? நான் என்னமோ டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்." சிரித்துக்கொண்டே காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். "இருங்க, சுழிச்சு விடறேன். நீங்க மாத்தி எழுதிக்கலாம்."

அசல் பத்திரம், ஐயா. மூன்று கையெழுத்து இருக்கும் அசல். பென்சில் முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. நாற்பது வருடப் பழக்கம். அந்தக் கையை வார்த்தையால் நிறுத்த முடியாது. நான் பத்திரத்தை அவர் மடியிலிருந்து மெதுவாக எடுத்து, மடிப்பு விழாமல் பையில் வைத்தேன். "முதல்ல கொஞ்சம் சாஞ்சுக்குங்க அத்தை" என்றேன். சாய்ந்துகொண்டார். கட்டிலில் இரண்டு தலையணை இருந்தது. ஒன்று அவர் தலைக்குக் கீழே இருந்தது. மற்றொன்றை நான் எடுத்தேன். நேரம் நான்கு மணி பத்து நிமிடம். அவருடைய கைக்கடிகாரத்தில் பார்த்தேன். சரியாக ஓடுகிற கடிகாரம்.

என் மனைவி மருந்தோடு வந்தபோது தலையணைகள் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன. டாக்டர் வந்தார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? பதினாலு" என்றார். இழந்த மரியாதை திரும்பக் கிடைத்த மனிதரின் முகம். இதயம் நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்தார். அதில் எந்தப் பிழையும் இல்லை, யாருக்கும் அப்படித்தான்.

நாற்பத்தைந்து நாள் காத்திருந்தேன். கொடுத்தேன். நோட்டரி முத்திரை, அலுவலக முத்திரை, வங்கி முத்திரை, மூன்றும் ஒரே காலையில் விழுந்தன. பணம் மூன்று பங்காகப் பிரிந்து போயிற்று. கடிகாரம் என் மனைவி கையில். அண்ணனும் தங்கையும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் சண்டையும் போடவில்லை. கோர்ட் இல்லாமல், வக்கீல் இல்லாமல், ஒரு வாய்தா இல்லாமல் ஒரு சொத்து தீர்ந்தது. இதைக் கொலை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது எழுத்தறிவில்லாதவர் செய்கிற வேலை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் நகலை எடுத்து அடிக்கடி படித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. நான்காம் பத்தி சரி. ஐந்தாம் பத்தியில் வந்து நிற்பேன். 'மேற்படி மரணம் இயற்கையாக நேர்ந்தது.' சத்தியம் செய்து எழுதிய வாக்கியம். நான் தயாரித்தது. முப்பத்தொரு வருடத்தில் என் கையிலிருந்து போன முதல் பொய். அலுவலகம் கண்டுபிடிக்கவில்லை, அதனால் என்ன? அந்த அம்மாள் இருந்திருந்தால் ஒரே பார்வையில் சுழித்திருப்பார். சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்ன என்ன என்று கேட்டாள். மனசாட்சி உள்ளவனுக்குத்தான் இந்த அவஸ்தை.

அதற்கு வழி இருக்கிறது. பிழைதிருத்தல் பத்திரம் என்று பெயர். திருத்தம் ஒரே வரிதான்: 'மேற்படி பத்திரத்தின் ஐந்தாம் பத்தியில் "இயற்கையாக" என்று இருப்பதை "என்னால்" என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.' கீழே என் பெயர், தொழில், விலாசம். இதை எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. பத்திரம் முழுமையானதும் நானே எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவதாகத்தான் இருந்தேன். ஆனால் பிழைதிருத்தலுக்கும் அதே விதி: முதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட, உயிரோடு இருக்கும் எல்லா வாரிசுகளும் இதிலும் போட வேண்டும்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எங்கங்க போடணும்?" என்றாள். காட்டினேன். போட்டாள்.

மச்சான் திங்கட்கிழமை வேறு வேலையாக ஊருக்கு வந்தவர் என் அறைக்கு ஏறி வந்தார். எதிரே உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தேன். பேனாவைக் கொடுத்தேன். முதல் பத்திரத்தில் கடிகாரம் என் மனைவிக்குப் போனது அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது, அந்தக் காயம். "இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன் மாப்ள" என்று சொல்லி, தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பத்திரத்தைப் படித்தார்.

ஒரு தடவை படித்தார். உதடு அசையத் திரும்பப் படித்தார்.

"மாப்ள, இது என்ன... 'என்னால்'னா யாரால?"

"என்னாலதான் மச்சான். கீழ என் பேர் இருக்கு பாருங்க."

டீக் கோப்பையை மேஜையில் வைத்தார். வைத்த இடத்தில் வட்டமாகக் கறை விழுந்தது; நல்லவேளை, பத்திரத்தின் மேல் இல்லை. எழுந்தார். "நான் போலீசுக்குப் போறேன்" என்றார்.

"நானும் அங்கதான் போகப்போறேன் மச்சான்" என்றேன். "இதைப் போட்டுட்டீங்கன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்."

எவ்வளவு நியாயமான யோசனை என்று நீங்களே சொல்லுங்கள். அவர் போக விரும்பிய இடமும் நான் போக விரும்பிய இடமும் ஒன்று. நடுவில் இருந்தது ஒரு கையெழுத்து. அவர் கேட்கவில்லை. சாவுக்கு நான் சாட்சி இல்லை, பங்காளி இல்லை, இதில் என் பேர் வரக்கூடாது என்று என்னென்னவோ சொன்னார். கதவை நோக்கி நடந்தார். கதவுக்குப் பக்கத்தில்தான், நீங்கள் பார்த்திருப்பீர்கள், பத்திரங்களுக்கு முத்திரை அழுத்தும் இரும்பு இயந்திரம் இருக்கிறது. பழைய வார்ப்பு. தூக்க இரண்டு கை வேண்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கொழுந்தியாளிடம் போனேன். கடையில் கூட்டம். பத்திரத்தை வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். இந்தத் தடவை அவள் வேறு எதையும் படிக்கவில்லை. ஒன்றை மட்டும்தான் பார்த்தாள்.

"அவன் கையெழுத்தைக் காணோமே?"

"இதுல அவர் போட வேண்டியதில்லம்மா."

"அப்ப சரி" என்று சந்தோஷமாகப் போட்டாள். அவ்வளவு அழகான கையெழுத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை.

இனி உங்கள் கேள்வி. மச்சான் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை, கடைசியாக அவரைப் பார்த்தவர்கள் என் மாடிப்படியில் ஏறும்போது பார்த்திருக்கிறார்கள், இறங்கும்போது யாரும் பார்க்கவில்லை, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று காலையில் கேட்டீர்கள். உங்களுக்கு வேண்டியது அது மட்டும்தான். சின்ன மாமியாரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதல் பத்திரம் இல்லாமல் இரண்டாவது புரியாது.

இதுதான் பின்னறைச் சாவி. இது பிழைதிருத்தல் பத்திரம், அசல். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். மூத்த வாரிசு கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காலியாக விடவில்லை. 'காலமானார், ஆகவே கையெழுத்து தேவையில்லை' என்று எழுதி, திங்கட்கிழமைத் தேதி போட்டு, பக்கத்தில் 'என்னால்' என்றும் சேர்த்திருக்கிறேன்.

ஒரு தடவை செய்த தவறைத் திரும்பச் செய்கிறவன் இல்லை நான், ஐயா. இந்த முறை தேதியை நடந்து முடிந்த பிறகுதான் எழுதினேன்.